சிவப்பில் நின்ற 9.8

வல்லம் வடகாலில், கார்களுக்கு ஒயர் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒயர் முனையில் பிளக் மாட்டி, இழுத்துப் பார்த்து, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். ஒரு பிளக்குக்கு ஒருவர் சராசரியாக எத்தனை வினாடி எடுக்கிறார் என்று லைன் முனையில் உள்ள டிவியில் வரும். குறைந்த நேரம் மேலே, அதிக நேரம் கீழே. கடைசி மூன்று பெயர் சிவப்பு. வாரம் முழுக்கச் சிவப்பில் இருந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

டிவி மாட்டிய புதிதில் ஒருநாள் என் பெயருக்கு நேரே '9.8 வினாடி' என்று வந்தது. கடைசியில், சிவப்பில். மேலே இருந்தவர்களுக்கெல்லாம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

சூப்பர்வைசரே காரணம் சொன்னார். "பத்துக்குக் கீழ போனா இழுத்துப் பாக்காம வுடறீங்கன்னு அர்த்தம்க்கா. மிஷின் கண்டுபுடிச்சிடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். 10.1. முதல் பெயர், பச்சை.

சர்ச்சில் பாட்டுக் குழுவின் பின்வரிசையில் நிற்பேன். பாட்டுகளுக்கு எண் போட்டு போனில் வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிறு ஒன்பதாம் பாட்டைத் தேடினால், ஒன்றுக்கு அடுத்துப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம்தான் இரண்டு. ஒன்பது கடைசியில் கிடந்தது. போன் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் இலக்கம் ஒன்றா ஒன்பதா என்று மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறது. பூசை முடியும்வரை டிவி ஞாபகமாகவே இருந்தது.

கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லைனே திரும்பிப் பார்க்கும். பச்சையில் இருப்பதும் நிம்மதியாக இருந்தது.

பிறகு பக்கத்து மேஜை அக்காவுக்கு 9.7 வந்தது. பென்னலூர்க்காரர், வேலை சுத்தம். வாரம் முழுக்கச் சிவப்பு. சனிக்கிழமை சூப்பர்வைசர், "திங்கக்கெழம பேக்கிங் போயிடுங்கக்கா" என்றார். பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது.

"முட்டி போனா போவட்டும்" என்றார் என்னிடம். "இழுத்துப் பாக்காம ஒண்ணாவது வுட்டிருப்பனா? பக்கத்துலயே கீற, நீ சொல்லு."

கேண்டீனில் சூப்பர்வைசரிடம் போய், போனில் பாட்டு வரிசையைத் திறந்து நீட்டினேன். "சார், இதுல ஒம்பது எங்க இருக்கு பாருங்க. டிவியும் இப்பிடித்தான் அடுக்குது."

அவர் இரண்டு தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அடப்பாவி, இவ்ளோ நாளா நான் வேற வெளக்கம் சொல்லிகினு இருந்தனே."

கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வந்து சரிசெய்தார். 'வினாடி' என்ற சொல்லையும் சேர்த்து வைத்ததால் எண்ணையே எழுத்தாக எடுத்துக்கொண்டு அடுக்கியதாம். இனி எண்ணை எண்ணாக அடுக்கிவிட்டு, காட்டும்போது மட்டும் சொல்லை ஒட்டுமாம்.

அக்கா பெயர் முதலில் வந்தது. லைனில் கை தட்டினார்கள். எனக்கு இரண்டாமிடம். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயும் ஒம்பதுல போனவதான? அப்பறம் எப்பிடி டெய்லி பத்து புள்ளி ஒண்ணுலயே நின்ன?"

"கை வலி, அக்கா."

"எத்தினி நாளா?"

டிவியின் தப்பு எனக்குப் புரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எத்தனை நாள் என்று எனக்குச் சரியாகத் தெரியும். குனிந்து அடுத்த பிளக்கை எடுத்தேன்.