நல்லாத் தெரியுது

கொக்குவிலில் கணக்குப் படிப்பிக்கும் உதயகலா ரீச்சரிடம் கண்ணைப் பற்றி யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "நல்லாத் தெரியுது." உண்மையில் அவளைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. அடுத்த வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா?

இருபது வயதுக்குப் பிறகு அவளுடைய கருவிழிகள் கூம்புபோல முன்னால் புடைக்கத் தொடங்கின. வலக்கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இடக்கண்ணில் இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். பார்வை வந்தது, ஆனால் எல்லாம் கோணலாக வந்தது. கண்ணாடியும் சரிவரவில்லை. கணக்கு ரீச்சருக்கு நேர்கோடு கோணலாகத் தெரிந்தால் என்ன செய்வது? லேசரால் அதைச் சீராக்கலாம் என்றார் கொழும்பு டொக்டர்.

"ஆனால் இது ஏற்கெனவே வெட்டித் தைச்ச கண். உடம்பு அதைத் தள்ளப் பார்க்கலாம். சிவந்தால், கூசினால், மங்கினால் அதே நாளிலையே டொக்டரிட்டைக் காட்ட வேணும். பிந்தினால் காப்பாத்துறது கஷ்டம்."

லேசர் செய்தபின் தினமும் காலையில் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரை வாசித்துப் பார்ப்பாள். ராகுகாலம் போட்டிருக்கும் சின்ன எழுத்துக்கூடத் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அதே கதை. அவளுடைய கணவரின் அக்கா குணலட்சுமிக்கோ நாவூறு, கண்ணூறு பட்டுவிடும் என்று பயம்.

போன மாதம் உதயகலா கொழும்பில் கண்ணைக் காட்டிவிட்டு ரெயினில் தனியாக வந்தாள். வந்திறங்கும்போதே கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்கு என்றாள். அன்று பின்னேரம் குணலட்சுமி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவளைச் சுற்றி நெருப்பில் போட்டாள். புகை எங்கள் வீடுவரை வந்தது. மறுநாள் காலை பார்த்தால் இடக்கண் கொவ்வைப்பழம்.

"என்ரை கையாலை கெடுத்துப்போட்டன்" என்று குணலட்சுமி தலையில் அடித்து அழுதாள்.

"ஒண்டுமில்லை மச்சாள். நல்லாத் தெரியுது" என்ற உதயகலா மறுபடியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஆனால் கலண்டர்ப் பக்கமே போகவில்லை. பார்த்தால்தானே மங்கியது உண்மையாகும்! கணக்கு ரீச்சரின் கணக்கு அது. நானும் குணலட்சுமியுமாக அவளை இழுத்து ஓட்டோவில் ஏற்றினோம்.

யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர், எப்போது சிவந்தது என்று கேட்டார். குணலட்சுமி முந்திக்கொண்டாள்.

"நேற்றுப் பின்னேரம் டொக்டர். நான்தான் மிளகாய் சுட்டனான்."

"புகை பட்டதோ?"

உதயகலா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இல்லை டொக்டர். ரெயினிலை வரேக்கையே சிவந்திட்டுது. வெளிச்சம் பார்க்கேலாமல் கூசினது. பயத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மச்சாளை ஒரு காலை முழுக்க அழவிட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. டொக்டர் அவள் கண்ணைக் கருவியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உடம்பு தள்ளத் தொடங்கியிட்டுது. மணிக்கொருக்கா மருந்து விடுங்கோ. மீளுமோ எண்டு இப்ப சொல்லேலாது."

அடுத்த நாள் காலை நான் போனபோது உதயகலா கலண்டருக்கு முன்னால் நின்றாள்.

"எப்பிடித் தெரியுது, கலா?" என்று குணலட்சுமி கேட்டாள்.

அவள் வலக்கண்ணைப் பொத்தினாள்.

"மங்கல்தான் மச்சாள். சின்ன எழுத்துத் தெரியேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

குணலட்சுமி மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்தாள்.

"எனக்கும்தான். அண்ணாந்து இரு."