கப்பலில் வந்த கல்லறைக் கல்

அப்பா இறந்து பத்து மாதம் கழித்துத்தான் அவருக்குக் கல்லறைக் கல் வாங்கக் கிளம்பினேன். கெமாஸ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர் அவர். செம்பனை வரிசை முடிகிற மேட்டில், தோட்டத்துக் கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்திருந்தோம். நட்டு வைத்த மரச் சிலுவை மழையில் சாய்ந்துபோயிருந்தது. கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று அம்மா போனில் பேசும்போதெல்லாம் சொல்வார்.

நான் பட்டணத்தில், அம்பாங்கானில் இருக்கிறேன். பக்கத்து லோபாக்கில் ஒரு கல் கடையில் விலை கேட்டேன். அன்றிரவே கைப்பேசியில் வெளிநாட்டுக் கடை ஒன்று கண்ணில் பட்டது. கறுப்புக் கிரானைட், அதில் இறந்தவரின் முகத்தையே பொறித்துத் தருவார்களாம். லோபாக் விலையில் பாதிகூட இல்லை. தம்பியின் கல்யாணப் படத்திலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். மூன்று வாரத்தில் கல் தயார் என்று படம் வந்தது. பளபளக்கும் கல்லில் அப்பா. இடது புருவத்துத் தழும்புகூட இருந்தது. அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார் என்று தம்பி சொன்னான்.

நான் கொடுத்தது கிளாங் துறைமுகம் வரைக்குமான காசுதான் என்று கல் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஏஜென்ட் போன் செய்தார்.

"அக்கா, வரி இருக்கு, துறைமுகக் கூலி இருக்கு. பெட்டிப் பலகையில பூச்சிமருந்தடிச்ச முத்திரை இல்லலா. அதுக்குச் சோதனை போடுவாங்க. அது முடியிற வரைக்கும் கல்லு அங்க கிடக்கிறதுக்கு நாள் வாடகை."

"எத்தனை நாளாகும்?"

"அத நான் சொல்ல முடியாதுக்கா."

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கிளாங்கிலிருந்து தோட்டம் வரைக்கும் லாரி வாடகை வேறு. எல்லாம் சேர்ந்து லோபாக் கடைக்காரர் சொன்ன விலையைத் தாண்டிவிட்டது. போகட்டும், அப்பாவுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். லாரிக்காரர் அவசரப்பட்டதால் பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

தோட்டத்து வீட்டு வாசலில் தம்பிதான் பலகைகளைப் பெயர்த்தான். கடைசிப் பலகை விலகியதும் அவன் கை அப்படியே நின்றது.

கல்லில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. தலையைச் சற்றுச் சாய்த்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள்போல் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எங்களுக்குத் தெரியாத மொழியில் இரண்டு வரி.

அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"யாரு இது?"

"தெரியலம்மா. மாத்தி அனுப்பிட்டாங்க."

"அப்ப உங்கப்பா எங்க?"

தம்பி கைப்பேசியை அந்த வரிகளுக்கு நேரே பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தான். 'எங்கள் அம்மா' என்ற இரண்டு சொல் மட்டும் தேறியது.

கடைக்கு எழுதினேன். புகார் சொல்ல ஏழு நாள்தான், அதுவும் கல் துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து கணக்கு என்று பதில் வந்தது. திருப்பி அனுப்புவதானால் கப்பல் கூலி என்னுடையது. அப்பாவின் கல் யாருக்குப் போனது என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் அந்தக் கடையே இணையத்தில் இல்லை.

கல் முன்னறையில் சுவரோரம் சாய்ந்திருந்தது. அம்மா அதன்மேல் ஒரு சாரோங் கைலியைப் போர்த்தினார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது சாரோங் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "மூடினா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு" என்றார் அம்மா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த அறையைக் கடக்க வேண்டும். நான் எழாமலே படுத்திருந்தேன்.

கடைசியில் லோபாக் கடைக்காரரையே வரவழைத்தோம். கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கல்லுதான். மெஷின்ல தேய்ச்சா அரை மணி நேரத்துல மூஞ்சி போயிரும். அது மேலயே உங்கப்பா பேர வெட்டிறலாம்."

தம்பி தலையாட்டினான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அம்மாதான் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் நெற்றியில் கை வைத்தார்.

"தேய்க்க வேணாம்யா. இவளோட பிள்ளைங்க அங்க என் வீட்டுக்காரர் மூஞ்சியத் தேய்ச்சா நமக்கு எப்படி இருக்கும்?"

பின்பக்கத்தை மெருகேற்றி அதில் அப்பாவின் பெயரை வெட்டினார்கள். முகம் இல்லை, பெயர் மட்டும்தான். கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் கல்லை நட்டோம். பங்குச் சாமியார் அப்பாவின் பக்கம் நின்று மந்திரித்துவிட்டு, மறுபக்கம் போய்ப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அங்கேயும் தீர்த்தம் தெளித்தார். அம்மா இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

தோட்டத்துப் பாதையில் ஏறி வருகிறவர்களுக்கு இப்போது முதலில் தெரிவது அவள் முகம்தான். செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்து ஆள் ஒருவர் அது யார் என்று மலாயில் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நான் சொல்ல விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிவிட்டு நகர்ந்தார்.

சில நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, வெளிநாட்டுக் கல்லறைகளின் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். இடது புருவத்தில் தழும்பு உள்ள ஒரு முகத்தைத் தேடுகிறேன். அம்பாங்கான் நிறுத்தம் தாண்டிப்போய், இரண்டு முறை திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.