கழித்துவிட்ட கோழிகள்

சௌந்தரவல்லிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சிங்கப்பெருமாள் கோயிலில் அவள் தெருவுக்கே தெரியும். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அங்கே அந்தக் கோபத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் உங்களால் முடியாது டீச்சர் என்று சொல்லி, பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சடித்த ஜரிகைப் பொன்னாடை ஒன்றைப் போர்த்தி அனுப்பிவிட்டது. அதிலிருந்து காலைக் காப்பி, கொசுவலை, குழாய்த் தண்ணீர் என்று எல்லாவற்றின் மேலும் எரிந்து விழுந்தாள். பொன்னாடை பீரோவில் கிடந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

ஒரு நாள் மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். படாளத்தில் பஸ் நின்றபோது, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு டெம்போ பஞ்சராகி நின்றிருந்தது. அடுக்கடுக்காகக் கூண்டு. உள்ளே கழுத்தில் இறகே இல்லாமல், மூக்கு நுனி வெட்டுப்பட்ட வெள்ளைக் கோழிகள். இப்படியா அடைப்பீர்கள் என்று ஜன்னல் வழியாகவே டிரைவரைப் பிடித்துக்கொண்டாள். மணி என்று பேர் கொண்ட அவன் டயரைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னான்.

“இன்னாம்மா, கறிக்குப் போற கோழிம்மா இது. இனிமே முட்ட வெக்காது, அதான் கழிச்சிட்டாங்கோ. வோணும்னா ரெண்டு மூணு எட்துக்கினு போ.”

இனிமே என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள். மூன்று கோழிகளை அட்டைப் பெட்டியில் போட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

வீடு அவளுடையது மட்டும் அல்ல. கணவர் ஸ்ரீவத்ஸன் போன பிறகு, அவருடைய தம்பி பட்டாபியும் அவன் மனைவி கோதையும் அவளோடு இருந்தார்கள். பட்டாபி கோயிலில் கைங்கர்யம் செய்கிறவன். தினமும் கொல்லையில் துளசி பறித்துப் பெருமாளுக்குக் கொண்டுபோவான். வெங்காயமே யோசித்து நுழையும் வீட்டில் கோழியா என்று குதித்தான். இது முட்டையே வைக்காது, வைத்தால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று சௌந்தரவல்லி வாக்குக் கொடுத்தாள். கோழி விஷயத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஆனா ஆவன்னா தெரியாது. பட்டாபி முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டான்.

மாடு கட்டிய பழைய கொட்டிலைக் கழுவிக் கோழிகளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். ஒரு வாரம் அடைத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. பிறந்ததிலிருந்து கூண்டுதானே. “கதவு திறந்துதானே இருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று அதட்டினாள். கையில் தூக்கி மண்ணில் விட்டால், விட்ட இடத்திலேயே நின்றன. கிளறத் தெரியவில்லை. முட்டி வலிக்கக் குந்தி உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் அவளே மண்ணைக் கிளறிக் காட்டினாள். பொழுது சாய்ந்தால் உயர ஏறி அடையத் தெரியாமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. மூங்கில் கட்டி ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினாள். விழுந்தன. திட்டிக்கொண்டே மறுபடியும் ஏற்றினாள். தயிர்சாதம், நொய், கீரைத்தண்டு என்று வீட்டில் இருந்ததைப் போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் கழுத்தில் இறகு மூடி, கொண்டை சிவந்து, மூன்றும் கொல்லையைச் சுற்றி வந்தன. அவற்றை இன்னொரு தடவை டெம்போவில் ஏற்ற யாராவது வந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று கோதையிடம் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. குளித்து மடியாக, குடலையோடு துளசிக்குப் போன பட்டாபி அங்கிருந்தே கூப்பிட்டான். துளசிப் பாத்தியிலிருந்து ஒரு கோழி எழுந்து, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டு ஓடியது. அது உட்கார்ந்திருந்த குழியில் ஒரு வெள்ளை முட்டை.

“வாக்குக் கொடுத்தேள் மன்னி. இன்னிக்கே அனுப்பிடணும்” என்றான் பட்டாபி.

போயும் போயும் துளசியிலா என்று கோழிமேல்தான் அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பட்டாபியால் மடியோடு அதைத் தொட முடியாது. கோதை வாசற்படியைத் தாண்டவில்லை. சௌந்தரவல்லியும் பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை. குனிந்து எடுத்தாள். கதகதவென்று இருந்தது. அந்தச் சூடு கையில் ஏற ஏற, அவளுக்குள் இரண்டு வருஷமாக அலைந்த கோபம் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. உன்னால் முடியாது என்று எவனோ சொன்னான், நானும் நம்பிக்கொண்டு வீட்டோடு கிடந்தேனே என்று நினைத்தாள்.

“முடியாதுன்னு கழிச்சவன் பேச்சை நம்பித்தான் உனக்கு வாக்குக் கொடுத்தேன், பட்டாபி” என்றாள். “கணக்குல முதல் வரியே தப்பு. அதுக்குக் கீழ போட்டது எதுவும் செல்லாது. இதுகள் எங்கேயும் போகாது.”

பட்டாபி வாயைத் திறந்தான். முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய அந்தப் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான். துளசிக்கு இன்றைக்கே வலை கட்டிவிடுவதாக அவள் சொன்னாள். சொன்னபடி கட்டியும் விட்டாள்.

பிறகு பீரோவைத் திறந்து பொன்னாடையை எடுத்தாள். நாலாக மடித்து, ஓலைக்கூடையில் விரித்து, கொட்டிலில் வைத்தாள். கோழி ஏறி, சுற்றிப் பார்த்து, பள்ளிக்கூடத்தின் பெயர் மேல் முதலில் எச்சமிட்டது. சௌந்தரவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.