கோட்டுப் போட்டு ஆட்டம் பார்த்தவர்

டென்மார்க்கில், ஓல்போர்க் அகதி முகாமில் என் பக்கத்து அறையில் ஒரு பாலஸ்தீனர் இருந்தார். தடித்த மீசை, ஒரு பக்கம் சரிந்த தோள். அதிகம் கதைக்க மாட்டார். எண்பத்தாறில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தது. மொரோக்கோ மாதிரி ஓர் அரபு அணி விளையாடும் நாளில் மட்டும் அவர் முகம் வழித்து, கோட்டுப் போட்டு, சப்பாத்தைத் துடைத்து, கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரித் தொலைக்காட்சி இருந்த கூடத்துக்கு வருவார். ஈராக்கியர், லெபனான்காரர் எல்லோரும் வருவார்கள். மற்ற நாட்களில் சமையலறை அடுப்புக்குச் சண்டை பிடிக்கிறவர்கள், அன்றைக்கு ஒரே குடும்பம்.

நாங்கள் தமிழர் நாலு பேர் பின்னால் நின்று பார்த்தோம். எங்களுக்குக் கத்த ஓர் அணி இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மொரோக்கோ ஆடிய ஒரு நாள் அவர் எனக்கும் இனிப்புத் தேத்தண்ணி நீட்டினார். அரைகுறை டெனிஷில் கேட்டேன்.

"மொரோக்கோ உங்கட நாடோ?"

"இல்லை. நான் அங்க போனதே இல்லை."

"அப்ப உங்கட நாடு விளையாடேல்லையோ?"

"எனக்கு ஏது நாடு? ஆனா அவங்கள் என்ர பாஷையிலதானே பந்து கேக்கிறாங்கள்."

பக்கத்தில் நின்ற என் கூட்டாளி காதுக்குள் சொன்னான். "பாவம் அண்ணை, மனுசன் எங்களை மாதிரித்தான்."

அந்த நேரம் மொரோக்கோ கோல் அடித்தது. அவர் கோட்டோடு மேசையில் ஏறி நின்று அழுதார். ஈராக்கியர் அவரைத் தோளில் தூக்கினார்கள். எங்களை மாதிரியோ? நான் தேத்தண்ணியைப் பிடித்தபடி நின்றேன்.

இப்போது என்னிடமும் நல்ல கோட்டு ஒன்று இருக்கிறது. அதை எந்த ஆட்டத்துக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை.