மெஷின் அக்காவோட வாசல் லைட்

எங்க தையல் கடையில மெஷின் அக்கான்னா தெரியாதவங்க கிடையாது. இருபத்தெட்டு வயசுல வந்த ஒரு காய்ச்சல் அவங்க ரெண்டு காதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பேச்சு போகல. அதுவும் போயிருந்தா எங்க முதலாளி நிம்மதியா இருந்திருப்பாரு. நான் அதே கடையில இஸ்திரி போடறவ. எனக்குக் கோபம் பொசுக்குன்னு வரும், அதனால அக்கா எனக்கு வச்ச பேரு சூட்டுப்பெட்டி.

முகத்தைப் பார்த்துப் பேசினா, உதட்டை வச்சே அக்கா எல்லாத்தையும் புரிஞ்சுக்குவாங்க. தொல்லை முதுகுப் பக்கம்தான். வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கு, வாசல் பின்னால இருக்கு. வர்றவங்க கூப்பிட்டுப் பார்த்துட்டுத் தோள்ல தட்டுவாங்க. ஒரு தடவை ஒரு அம்மா பொத்துன்னு தட்டினதுல ஊசி அக்கா நகத்துக்குள்ளயே இறங்கிடுச்சு. அப்புறம் பின்னால வாசல் தெரியற மாதிரி ஜன்னல் பக்கம் கண்ணாடி மாட்டிப் பார்த்தோம். கண்ணாடியைப் பார்த்தா தையல் கோணுது, தையலைப் பார்த்தா கண்ணாடி எதுக்கு?

போன மாசம் நான் சாப்பிடப் போன நேரத்துல கோட்டோட ஒருத்தர் வந்து நின்னிருக்காரு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, "மனுஷனை மதிக்காத கடை"ன்னு கத்திட்டுப் போயிட்டாராம். மறுநாள் முதலாளி அக்கா முன்னாடி வந்து நின்னாரு.

"திங்கக்கிழமையில இருந்து நீ பின் ரூம்ல உட்காரு. ஓரம் மடிச்சு அடி, பட்டன் தை, போதும். அளவெடுக்கிறதும் வெட்டறதும் வேற ஆள் பார்த்துக்கட்டும்."

பின் ரூம்னா ஜன்னலே இல்லாம துணி மூட்டை அடுக்கற இடம். ஆள் நடந்து வர்றதைப் பார்த்தே எந்தத் தோள் இறக்கம்னு சொல்ற அக்காவை, பத்தொன்பது வருஷம் கழிச்சு மூட்டையோட மூட்டையா அடுக்கப் பார்த்தாரு. நான் இஸ்திரிப் பெட்டியை ணங்குன்னு வச்சேன். அக்கா அசையவே இல்ல.

"காதுதான் போச்சு முதலாளி, கை போகல. வாசல்ல ஆள் வந்தா எனக்குத் தெரியணும், அவ்வளவுதானே? திங்கக்கிழமைக்குள்ள தெரிய வைக்கிறேன்."

"எப்படி?"

"அது என் பாடு."

அவர் போனதும் என்கிட்ட சொன்னாங்க. "பேங்க்ல பாத்ரூம் கதவைத் திறந்ததும் லைட் தானா எரியுது, பார்த்திருக்கியா? ஒரு கக்கூஸுக்குத் தெரியறது நம்ம கடைக்குத் தெரியாதா?"

அன்னைக்குச் சாயங்காலமே எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர், "பையனோட ஸ்கூல் ப்ராஜெக்டாம்மா?"ன்னாரு. "இல்லங்க, என்னோட ப்ராஜெக்ட். எங்க முதலாளிதான் வாத்தியார்"னாங்க அக்கா. மனுஷன் சிரிக்கிறதா வேண்டாமான்னு முழிச்சுட்டு, எல்லாத்தையும் எடுத்து வச்சாரு. வெள்ளைத் தொப்பி போட்ட சென்சார் ஒண்ணு, அது நடமாடற சூட்டைப் பார்க்குமாம். ஆனா அது தர்ற கரண்ட் துளியூண்டு, லைட் எரிய பத்தாது. அதுக்குத்தான் மூணு கால் வச்ச டிரான்சிஸ்டர். அந்தத் துளியை வாங்கிக்கிட்டு லைட்டுக்குப் போற பெரிய கரண்டை அது திறந்து விடும்.

"பெடலை லேசா மிதிச்சா மோட்டார் ஓடுதே, அந்த மாதிரி"ன்னு அக்கா உடனே பிடிச்சுக்கிட்டாங்க.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல, சின்ன லைட்டை ஊசிக்குப் பக்கத்துல மாட்டி, சென்சாரை மெஷினுக்கு மேல வாசலைப் பார்க்க வச்சு, கடைக்காரர் வரைஞ்சு கொடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயரைக் கோத்தாங்க. நான் வாசல்ல குறுக்கும் நெடுக்குமா நடந்தேன். லைட் எரியவே இல்ல. முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன, உங்க சயின்ஸ் படுத்துடுச்சா?"ன்னாரு. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன், அக்கா என் காலை மிதிச்சுட்டாங்க.

"எந்த இடத்துல நூல் அறுந்திருக்குன்னு ஒவ்வொண்ணாப் பார்க்கணும்டி." லைட்டை மட்டும் அதோட அடாப்டர்ல நேரா மாட்டினாங்க. எரிஞ்சுது. சென்சார்ல வோல்ட் பார்க்கற மீட்டரை வச்சு என்னைக் கை ஆட்டச் சொன்னாங்க. முள் பூஜ்யத்துல இருந்து மூணுக்கு ஏறுச்சு. "ரெண்டு பக்கமும் ஒழுங்கு. நடுவுல இருக்கிறவன்தான் திருடன்." டிரான்சிஸ்டரை உருவிப் படத்தோட வச்சுப் பார்த்தா, முகம் திருப்பிச் சொருகியிருக்கோம். சரியா மாட்டியும் எரியல. வியாழக்கிழமை பூரா எரியல. "தூக்கிப் போடுக்கா, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு நான் சொன்னதுக்கு ஒரு முறை முறைச்சாங்க பாருங்க, நான் என் பெட்டிக்கே திரும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கூல் கவுனை அடிச்சுக்கிட்டு இருந்தவங்க அப்படியே நிறுத்தினாங்க. "ஏய் சூட்டுப்பெட்டி! சென்சாருக்கு போன் சார்ஜர், லைட்டுக்கு வேற அடாப்டர். முன்பாகம் தைச்சாச்சு, பின்பாகம் தைச்சாச்சு. ரெண்டையும் சேர்க்கற பக்கத் தையல் எங்கடி?"

எனக்கு ஒண்ணும் விளங்கல. சார்ஜரோட மைனஸையும் அடாப்டரோட மைனஸையும் நாங்க சேர்க்கவே இல்லையாம். ஒரே ஒரு கறுப்பு ஒயர் போட்டு ரெண்டையும் இணைச்சாங்க. நான் வாசல்ல காலை வச்சேன், லைட் பளிச்சுன்னு எரிஞ்சுது! நான் போட்ட கூச்சல்ல எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துட்டாரு. அக்காவுக்குக் கேட்கல, ஆனா என் வாயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

சனிக்கிழமை அந்தச் சிரிப்பு போச்சு. ஆளே இல்லாம லைட் எரியுது. அக்கா திரும்பித் திரும்பிக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். "பேய்க்கும் அளவெடுப்பியா?"ன்னு முதலாளிக்கு ஒரே இளக்காரம். அக்கா மத்தியானம் வரைக்கும் கவனிச்சுட்டு, என் மேஜையைக் காட்டினாங்க. "நீதான்."

"பழி கடைசியில என் தலையிலயா?"ன்னு குதிச்சேன்.

"குதிக்காதே. குதிச்சாலும் எரியும்."

உண்மைதான். என் மேஜை வாசல் ஓரத்துல இருக்கு. நான் பெட்டியைத் தேய்ச்சா எரியுது, கையைக் கட்டிக்கிட்டு நின்னா அணையுது. அக்கா காலருக்கு வைக்கிற கேன்வாஸ்ல ஒரு துண்டை வெட்டிக் குழலா சுருட்டி, சென்சார் மேல மாட்டினாங்க. அதுக்கப்புறம் அது வாசலை மட்டும் பார்த்துது. நான் எவ்வளவு தேய்ச்சும் அது சட்டை பண்ணல.

திங்கக்கிழமை காலையில முதலாளி வந்தாரு. லைட் எரிஞ்சுது. அக்கா திரும்பி, "வாங்க முதலாளி"ன்னாங்க. அவர் வெளியே போனாரு. அக்கா வேலைக்குத் திரும்பினாங்க. மறுபடி உள்ள வந்தாரு, லைட் எரிஞ்சுது. ஆனா அக்கா இந்தத் தடவை திரும்பாம, "இருங்க, முடிச்சிடறேன்"னு ஒரு கையைத் தூக்கிட்டு, ஓடற தையலை முடிக்கப் பார்த்தாங்க. அதுக்குள்ள இந்த மனுஷன் வாசல்லயே கல்லு மாதிரி நின்னாரு. மூச்சுகூட விடல. கொஞ்ச நேரத்துல லைட் அணைஞ்சு போச்சு. 

"பார்த்தியா! நான் இங்கதான் நிக்கிறேன், லைட் இல்ல!"ன்னு என்னைப் பார்த்துக் கத்திக்கிட்டே லைட்டை நோக்கிக் கையை நீட்டினாரு. கை நீண்டதும் லைட் எரிஞ்சுது. அக்கா நூலை அறுத்துட்டுத் திரும்பினாங்க.

"அணைஞ்சுது! நான் அசையாம நின்னேன், அணைஞ்சுது!"

"அணையும்தான்"னாங்க அக்கா. "அசையறதைப் பார்த்தாத்தான் அது எரியும். துணி கொண்டு வர்றவங்க நடந்து வருவாங்க முதலாளி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்க என்னை மாட்டி விட வர்றவங்க. அவங்களுக்காக நான் லைட் போடல."

முதலாளி வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள, அணைஞ்சிருந்த லைட் மறுபடி எரிஞ்சுது. அவருக்குப் பின்னால, கையில அதே கோட்டோட, அன்னைக்குக் கத்திட்டுப் போனவர் உள்ள வந்துக்கிட்டு இருந்தாரு.

அக்கா டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு எழுந்தாங்க. "வாங்க சார். இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதானே?" அப்புறம் முதலாளி பக்கம் திரும்பினாங்க. "கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நான் அளவெடுக்கணும்."

அவர் ஓரமா நின்னாரு.