எந்த எல்லை என்று கேட்காமல் போன பயணம்

என் வகுப்பறையில் ஒரு பழைய சுவர்ப்படம் தொங்குகிறது. அதில் திருச்சி ஜில்லா ரோஸ், தஞ்சாவூர் பச்சை, இரண்டுக்கும் நடுவே புதுக்கோட்டைச் சமஸ்தானம் மட்டும் மஞ்சள். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போன வருடம் பள்ளிக்கு வந்த புதுப் படத்தில் மஞ்சளைக் காணோம். நான் பூகோள டீச்சர். ஒரு நிறமே காணாமல் போனால் என்னால் சும்மா இருக்க முடியாது. அந்த மஞ்சள் முடிந்த கோட்டில் போய் நின்று பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நினைத்ததோடு நின்றிருக்கும். ஆனால் எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. சிறுவர் பத்திரிகை ஒன்றில் மாயக்கதைத் தொடர் எழுதுகிறேன். என் கதாநாயகன் வீரகேது ஐந்து வாரமாக நீலநாட்டின் எல்லையில் கால் கடுக்க நிற்கிறான். முதலில் நெருப்பாறு ஒன்றை ஓடவிட்டேன், பேனாவால் அடித்துவிட்டேன். ஏழு தலை நாகத்தைக் காவலுக்குப் போட்டேன், அதையும் அடித்துவிட்டேன். நாம் எல்லோரும் தொட்டிலிலேயே கேட்டுச் சலித்த சரக்கு. பத்திரிகை ஆசிரியர், “அவன் எப்பம்மா உள்ளே போவான்?” என்று கேட்டுவிட்டார். இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்நாட்டில் மாயக்கதை எழுதியவர்களில் பாதிப் பேர் ஊரைத் தாண்டாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். துருவத்துக்கும் பாலைவனத்துக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் திரும்பி வந்து படம் வரைந்தார்கள். தெரியாத இடத்தை வெள்ளையாக விட மனமில்லாமல் அங்கே ஒரு கடல் பூதத்தை வரைந்து வைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவன் பூதத்துக்குப் பேர் வைத்து, ராஜ்யம் கொடுத்து, கதை எழுதினான். எனக்குக் கப்பலும் இல்லை, நாய் இழுக்கும் வண்டியும் இல்லை. திருச்சியிலிருந்து கீரனூருக்கு பஸ் இருக்கிறது.

காலை ஆறேகால் பஸ். கீரனூர் பதினெட்டு மைல், டிக்கெட் ஐம்பத்தைந்து நயா பைசா. ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் திருச்சிக்கு முண்டியடிக்கிற நேரமாதலால் எனக்கு ஜன்னலோரம் தாராளமாகக் கிடைத்தது. கீரனூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேறு பஸ் மாறிக் குன்றாண்டார்கோவிலில் இறங்கினேன். குன்றைக் குடைந்து கட்டிய கோயில். முன்னால் தேர் மாதிரி ஒரு மண்டபம், கல்லில் சக்கரம், கல்லில் குதிரை. பார்த்த உடனே அந்தக் குதிரைகளை வீரகேதுவுக்கு எடுத்துக்கொண்டேன். அங்கே ஒன்றரை மணி நேரம் போதும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள், பாறை சுட ஆரம்பித்தால் கால் வைக்க முடியாது.

அடுத்த பஸ்ஸில் இன்னும் ஐந்து மைல் கிழக்கே. தஞ்சாவூர்ப் பக்கத்தை ஒட்டிய கடைசி ஊர்களில் ஒன்று அது. பேரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், ஏன் என்று படித்தால் புரியும். பஸ் நிற்கும் இடத்தில் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் சின்னையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு. திருச்சியிலிருந்து வரும் டீச்சர் என்று சொல்லி, “எல்லைக்குப் போகணும். வர்றீங்களா?” என்றேன்.

“எல்லைக்கா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஏறுங்க டீச்சரம்மா. நானும் அங்கிட்டுத்தான் போறேன்.”

இரண்டு மைலுக்கு முக்கால் ரூபாய் பேசி ஏறினேன். மாடு நல்ல மாடுதான். ஆனால் அவர் அதை நடக்கவிடாமல் விரட்டிக்கொண்டே வந்தார். என்ன அவசரம் என்று கேட்டேன்.

“எம்மக செல்லாயி மலேயாவுக்குப் போகுதுங்க. மாப்பிள்ளைக்குப் பினாங்குல கடையில வேலை. நாகப்பட்டினத்துல நாளைக்கழிச்சுக் கப்பல். அங்கிட்டுத் தஞ்சாவூர் ரோட்டுல மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும். அதுக்கு முன்னாடி உச்சிக்கெல்லாம் எல்லைக்கு வந்து என்னயப் பாத்துட்டுப் போன்னு ஆள்கிட்டச் சொல்லிவிட்ருக்கேன்.”

“வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கலாமே?”

அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். “காப்புக் கட்டியாச்சுங்களே.”

ஊர் மாரியம்மனுக்கு முந்தாநாள் காப்புக் கட்டியிருக்கிறார்கள். அதன்பின் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி வெளியே கால் வைக்கக்கூடாது. அந்த ஊரில் பிறந்தவர் வெளியிலிருந்து உள்ளே வந்தால், அவரும் திருவிழா முடியாமல் திரும்பிப் போகக்கூடாது. செல்லாயி உள்ளே வந்தால் கப்பல் போய்விடும். சின்னையா வெளியே போகவே முடியாது. கடல் தாண்டிப் போகிற பெண் இனி எப்போது வரும் என்று கேட்டேன். மூன்று வருடமோ நான்கு வருடமோ என்றார். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

“நான் அசலூர். என்னை உள்ளே பிடித்துப் போட்டுவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

“ஒங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க வரலாம், போகலாம்.”

வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் முழங்கால் உயரத்தில் ஒரு கல். அதற்கு எண்ணெய் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் இருந்த மரங்களுக்குக் குறுக்கே வேப்பிலை செருகிய கயிறு. அப்பால் அதே செம்மண், அதே முள்ளு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“இதுவா எல்லை? நான் கேட்டது சமஸ்தானத்து எல்லை.”

“சமஸ்தானந்தான் இல்லாமப் போச்சுங்களே டீச்சரம்மா,” என்றார் அவர், நான்தான் ஏதோ விஷயம் தெரியாமல் பேசுகிற மாதிரி. “இல்லாத ஊருக்கு ஏதுங்க எல்லை? பழைய சாவடின்னு ஒண்ணு கெடக்கு, முக்கா மைல் அங்கிட்டு. நான் வர முடியாது.”

அந்தப் பெண் வந்ததும் சாவடிக்குப் போகலாம் என்று நினைத்தேன். மாட்டை அவிழ்த்துவிட்டு இருவரும் நிழலில் நின்றோம். உச்சி வந்தது, போனது. பாதையில் யாரும் வரவில்லை. சின்னையா கல்லின் அருகே போவார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து மாட்டைத் திட்டுவார். மணி ஒன்றைத் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“இங்கே யாரும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்களேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.”

“யாருக்குங்க தெரியணும்? நான் தீச்சட்டி எடுக்குறதே செல்லாயிக்காகத்தான். அது கடல் நல்லபடியாத் தாண்டணும்னு வேண்டிருக்கேன். நானே இந்தக் கல்லத் தாண்டிட்டா அது எப்படிக் கடலத் தாண்டும்?”

சாவடி எப்படியும் நான் பார்க்க வந்ததுதான். வழியில் பெண்ணைக் கண்டால் விரட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனேன்.

முக்கால் மைல் நடக்கக் கால் மணி நேரம். சமஸ்தானத்தின் எல்லை, என் மஞ்சள் முடிந்த கோடு, எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கூரை இல்லாத இரண்டு சுவர். எழுத்துத் தேய்ந்த ஒரு தூண். ஒரு காலத்தில் இங்கே வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்களாம். இப்போது நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. நடுவே ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் புதுச் சேலை கட்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கொழுந்தன், மீசை வைத்த ஆள், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

“செல்லாயியா?” என்றேன்.

“ஆமாங்க. நீங்க யாரு?”

“உன் அப்பா வண்டியில் வந்தவள். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்? அவர் எல்லையில் காத்துக்கொண்டிருக்கிறார்.”

“நான் எல்லையிலதானே இருக்கேன்,” என்றாள். “எல்லைக்கு வான்னு சொல்லிவிட்டாக. எங்க ஊர்ல எல்லைன்னா இந்தச் சாவடிதாங்க. பதினோரு மணிலருந்து இருக்கோம். நான் மலேயா போறது அப்பாவுக்குப் பிடிக்கலை, கோவத்துல வரலை போலன்னு நெனச்சேன். கௌம்பிறலாம்னு இருந்தோம்.”

பிறந்த ஊரில் எல்லை என்றால் கல். புகுந்த ஊரில் எல்லை என்றால் சாவடி. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அவளுக்கு இடம் மாறிவிட்டது. திருச்சியிலிருந்து வந்த நான் கல்லுக்குப் போய்ச் சாவடியைத் தேடினேன். இவள் சாவடிக்கு வந்து அப்பாவைத் தேடியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“அவர் எப்படி இங்கே வருவார்? காப்புக் கட்டியாயிற்றே,” என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். “காப்புக் கட்டியாச்சா? அப்ப கல்லுக்கிட்டயில்ல நிப்பாக!”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். கொழுந்தனைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன். நாற்பது வயதுக்கு நான் நன்றாகவே ஓடுவேன், ஆனால் அவளைப் பிடிக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கயிற்றுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமாக நின்றார்கள். அவள் தாண்டி ஓடிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் நின்றுவிட்டாள். கல்லுக்கு இந்தப் பக்கம், சரியாக ஒரு சாண் விட்டு.

“நீங்க வரலைன்னு நெனச்சேம்ப்பா.”

“வராம எங்க போவேன்? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“பொய் சொல்றே.”

அவர் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு நொடி கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காலுதான் தாண்டக் கூடாதும்பாக. கை தாண்டக் கூடாதுன்னு யாருஞ் சொன்னதில்லை,” என்று சொல்லிவிட்டு, கயிற்றுக்கு மேலே கையை நீட்டி அவள் நெற்றியில் பூசினார். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் கண்ணில் நீர் வந்தது, அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நேரமாகிவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசுகிற பிள்ளைகளைக் கிளப்புகிற அதே குரலில் சொன்னேன். அவள் நாலடி நடந்ததும் சின்னையா என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, மலேயா எந்தப் பக்கங்க?”

பதில் தெரிந்த கேள்வி கிடைத்ததில் எனக்கு நிம்மதி. கை நீட்டிக் காட்டினேன். கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. செல்லாயி போகிற பாதையும் அந்தப் பக்கம்தான்.

“அப்ப நேராத்தான் போகுது,” என்றார்.

செல்லாயியோடு நடந்து, பாதை திரும்பும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். கால் விரல்கள் கல்லில் முட்டிக்கொண்டிருக்க அங்கேயே நின்றார். ஓர் அங்குலம்கூட இந்தப் பக்கம் இல்லை.

மூன்று மணி பஸ் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. செல்லாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தஞ்சாவூர் வரை போய், அவளையும் கொழுந்தனையும் நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏற்றிவிட்டு, நான் வேறு ரயிலில் திருச்சி திரும்பினேன். வழியிலேயே வீரகேதுவின் அத்தியாயத்தை எழுதிவிட்டேன். நீலநாட்டின் எல்லையில் இப்போது ஆறும் இல்லை, நாகமும் இல்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே வேப்பிலைக் கயிறு ஒன்று, அவ்வளவுதான். “இதில் தடை எங்கேம்மா இருக்கு?” என்று ஆசிரியர் கேட்டார். அதை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அப்படியே அச்சாகிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். போகவரப் பஸ், ரயில், வண்டி எல்லாம் சேர்த்து எனக்கு நாலு ரூபாய்க்குள் முடிந்தது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கீரனூருக்குக் கிழக்கே கடைகளை நம்ப வேண்டாம். இன்னொரு நாள் கையில் இருந்தால் கீரனூருக்கு மேற்கே ஆவூரில் பெரிய மாதா கோயிலையும் பார்க்கலாம். சாவடிக்காக மட்டும் போகாதீர்கள், இரண்டு சுவரும் ஆடுகளும்தான். வண்டிக்காரரிடம் எல்லை என்று சொல்லும்போது எந்த எல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்குனியில் போனால் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைக் கயிறு கட்டியிருக்கும். நாம் வெளியூர்க்காரர்கள், அடியில் குனிந்து தாராளமாகப் போகலாம், வரலாம். குனிவதற்கு முன்னால், அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.