படத்தில் விழாத அம்மா

மழை விட்ட காலையில் எங்கள் தோட்டத்து வேதக்கோயிலான பழைய கிறிஸ்தவ ஆலயத்தைக் கடந்தால், நனைந்த கருங்கல்லின் வாசனையும் "இஸ்டோர்" என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வாடும் கொழுந்தின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். இலங்கையில் மடுல்சீமைக்கு மேலே அந்த மலையில், வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரையே பெயர்த்து வைத்ததுபோல, மணிக்கூண்டும் கல்லறைகளும் புகைபோக்கி வைத்த பங்களாவுமாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போனபின் அந்தக் கோயிலில் ஆராதனை நடந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற எங்கள் அம்மா ஞாயிறுதோறும் போய்க் கூட்டிவிட்டு வருவாள். "யாரு சாமியா இருந்தா என்ன, குப்பையில கெடக்கலாமா?" என்பாள்.

அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தன் முகம் ஒரு படத்தில் இருக்க வேண்டும். அடையாள அட்டைக்கு எடுத்த படம் மடியிலேயே கிடந்து மழையில் ஊறி, மூக்கும் முழியும் கரைந்து வெறும் வெளிச்சமாகிவிட்டது. பதுளைக்குத் தேர் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பா ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வார். கடைசி பஸ் அதற்குள் முந்திக்கொள்ளும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, அந்தப் பங்களாவில் பிறந்து சிறு வயதில் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பழைய இடங்களையெல்லாம் படம் பிடிக்கப் பெரிய கேமராவோடு வந்து இறங்கினார். அன்று அம்மா தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டினாள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு அந்தச் சேலையில் மலையேறியவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அவள் ஒருத்திதான். எல்லோரும் கேலி செய்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கிழவர் கோயில் வாசலில் கேமராவை நிறுத்தினார். "தொர படம் புடிக்கிறாரு, எல்லாரும் ஒதுங்குங்க!" என்று கங்காணி குரல் கொடுக்கும் முன்பே பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். படம் எடுக்கிறவருக்குக் குறுக்கே நிற்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதைக்குறைவு. அம்மா கோயில் படியிலிருந்து இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, கூப்பிட்டால் ஓடிவரும் தூரத்தில் நின்றாள். அவரோ, போகிறவர்களை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோரும் விலகும்வரை புன்னகையோடு பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை.

"கூப்புடுவாருன்னு பாத்தேன். நாமளாப் போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்றபடி அம்மா சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பல மாதம் கழித்து அவர் நல்ல மனதோடு படங்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். கோயில், கல்லறை, பாலம், பங்களா எல்லாம் அழகாக இருந்தன. ஓர் ஆள் இல்லை. எங்கள் மலை காலியாக இருக்குமென்று அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஓரங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். "நல்லாப் பாரு, ஒரு மூலையிலயாவது நான் விழுந்திருக்கேனா?"

நானும் ஒவ்வொரு மூலையாகத் தேடினேன். இரண்டு வருடத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். கருமாதியன்று மாலை போடப் படமில்லாமல், அந்தத் தீபாவளிச் சேலையை மடித்து வைத்து விளக்கேற்றினோம்.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கோயில் கூரை இறங்கிவிட்டது, மணியைக் காணோம். மண்சரிவுக்குப் பயந்து ஆட்களை வேறிடத்துக்கு மாற்றியதில் எங்கள் லயம் புதர் மண்டிக் கிடக்கிறது. கோயிலில் மிச்சமிருக்கும் சுவரையாவது படம் எடுத்து வைப்போமென்று போனைத் தூக்கினேன். கொழுந்து மூட்டையோடு வந்த ஒரு பெண் என்னைக் கண்டதும் தலைகுனிந்து விறுவிறுவென்று ஓரத்துக்கு நகர்ந்தாள். போனைத் தாழ்த்திவிட்டுக் கூப்பிட்டேன்.

"ஒதுங்காதீங்கக்கா, அங்கேயே நில்லுங்க."

"கோயிலத்தானே எடுக்குறீங்க, நான் எதுக்குங்க?"

"உங்களத்தாங்க எடுக்குறேன்."

அவள் வெட்கப்பட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளை நடுவில் வைத்ததில் படத்தில் கோயில் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. அந்தப் பெண் முழுதாக விழுந்திருக்கிறாள். அன்று அம்மா நின்றதும் கிழவரின் படத்துக்கு நாலடி வெளியேதான்.